மறுமுறை எழுதியவர்கள்

பரீட்சைகளில் இருவகை உண்டு. ஒருவன் எவ்வளவு கற்றான் என்று அளந்து பார்ப்பது ஒருவகை. பிறருடைய உயிரையோ, பொருளையோ, வழக்கையோ அவனை நம்பி ஒப்படைக்கலாமா என்று தீர்மானிப்பது மற்றொரு வகை. முன்னதில் தவறியவன் தான் கற்றவற்றைக் கொண்டு வேறொரு வழியில் பிழைத்துக் கொள்ளலாம். பின்னதில் தவறியவனுக்கோ, அவன் எவ்வளவு கற்றிருந்த போதிலும், அந்தத் தொழிலின் வாசற்கதவு திறப்பதில்லை. வைத்தியர்க்கும் வழக்கறிஞர்க்கும் ஏற்பட்டிருக்கும் பரீட்சைகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் தொழிலுரிமைப் பரீட்சைகள் என்று அழைக்கலாம். வக்கீல்களுக்கு அளிக்கப்படும் உரிமைப் பத்திரத்தை நம் முன்னோர் 'சன்னது' என்பர். சன்னது பெற்றுப் புகழடைந்தவர்களின் சரித்திரம் நிரம்ப எழுதப்பட்டிருக்கிறது. பரீட்சையில் தவறி, மனந்தளராது மறுபடியும் எழுதியவர்களின் சரித்திரத்தைப் பேசுவோர் சிலரே. அச்சரித்திரத்தைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த ஆராய்ச்சி இப்போது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நாம் வாழும் டெங்கில் வட்டாரத்தையே காரணமாகச் சொல்லலாம். லங்காட் ஆற்றின் பக்கத்திலுள்ள இவ்வூருக்கு அருகில் 'பிராங் பெசார்' என்றொரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. முதல் உலக யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய ஆங்கில அதிகாரிகள் 1921-ஆம் ஆண்டில் காட்டை வெட்டித் திறந்த தோட்டம் அது. 'பெரும் போர்' என்பதே அம்மலாய்ப் பெயரின் பொருள். அங்கு மரம் சீவியவர்களிற் பெரும்பாலோர் தமிழர். 1990-களில் அத்தோட்டமும் அதனை அடுத்த தோட்டங்களும் புத்ராஜெயா என்னும் புதிய நிர்வாகத் தலைநகராக மாறின. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் கட்டப்பட்ட அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. இந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகிய கூட்டரசு நீதிமன்றம் இன்று அந்தப் புத்ராஜெயாவில்தான் வீற்றிருக்கிறது. பாட்டன் பால்வாளி சுமந்த வட்டாரத்தில் எழுந்திருக்கும் நீதி மாளிகைக்குள், பேரன் கறுப்பு அங்கி அணிந்து நுழைய ஆசைப்படுவது இயல்பேயன்றோ?

அவ்வாறு ஆசைப்பட்டுச் சட்டம் பயின்று, கடைசிப் பரீட்சையில் தவறிவிடும் இளைஞர்களும் யுவதிகளும் இருக்கிறார்கள். முதல்முறை தவறியவர்கள் பின்னர் என்ன ஆகிறார்கள்? மறுபடி எழுதித் தேறியவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படம் வருகிறது. மற்றவர்கள் 'இப்போதைக்கு' என்று சொல்லி ஏதோ ஓர் ஆபீசில் உத்தியோகம் ஏற்கிறார்கள். அந்த 'இப்போதைக்கு' ஐந்தாண்டு ஆகிறது, பத்தாண்டு ஆகிறது, புத்தகங்கள் பரண்மேல் ஏறிவிடுகின்றன. 'தலையெழுத்து' என்று வீட்டார் முடித்துவிடுகிறார்கள். நாம் கேட்பது இதுதான்: அது தலையெழுத்தா? அல்லது மறுமுறை எழுதுவதற்கு வேண்டிய சாதனங்கள் அவர்களுக்குக் கிடைக்காமற் போயினவா? இக்கேள்விக்குச் சரித்திரம் விடை கூறுமா என்று பார்ப்போம்.

முதலில் இந்நாட்டுச் சரித்திரத்தையே எடுத்துக் கொள்வோம். மலேசியாவின் முதற் பிரதமராக விளங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் 1903-ஆம் ஆண்டு அலோர் ஸ்டாரில் கெடா அரச குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்று 1925-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் லண்டனில் இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தைச் சார்ந்து பாரிஸ்டர் பரீட்சைக்குப் படிக்க முற்பட்டார். படிப்பைக் காட்டிலும் மோட்டார்க் காரும் குதிரைப் பந்தயமும் அவர் மனத்தைக் கவர்ந்தன என்பது யாவரும் அறிந்த செய்தி. மாணவப் பருவத்து விளையாட்டுத்தனத்தை அவரும் பிற்காலத்தில் ஒளிக்கவில்லை. 1931-இல் அவர் கெடாவுக்குத் திரும்பியபோது பாரிஸ்டர் பட்டம் கையில் இல்லை.

அவர் கெடா சிவில் சர்வீசில் சேர்ந்து ஜில்லா அதிகாரியாக உத்தியோகம் பார்த்தார். பட்டத்தை மறந்துவிட்டாரா என்றால், இல்லை. 1938-இல் மறுபடியும் லண்டன் சென்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அடுத்த ஆண்டே இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. படிப்பு முடியாமலே திரும்ப நேர்ந்தது. ஜப்பானியர் படையெடுத்தபோது அவர் கூலிம் ஜில்லா அதிகாரியாக இருந்தார். யுத்தம் ஓய்ந்தபின், 1946-ஆம் ஆண்டின் இறுதியில், மூன்றாம் முறையாகக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அவரைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவரான அப்துல் ரசாக், பின்னாளில் இரண்டாம் பிரதமரானவர், அக்காலத்தில்தான் சட்டம் படிக்க லண்டன் வந்து சேர்ந்தார். மகன் வயதையொத்த மாணவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து எழுதுவதற்குத் துங்கு நாணவில்லை. 1949-இல் பாரிஸ்டராகித் தாயகம் வந்து, அரசாங்கத் துணை வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1951-இல் அம்னோ கட்சியின் தலைவரானார். 1957 ஆகஸ்டு 31-இல் சுதந்தரப் பிரகடனத்தை வாசித்தார். கேம்பிரிட்ஜ் பட்டத்துக்கும் பாரிஸ்டர் பட்டத்துக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன என்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆனால் இச்சரித்திரத்தை 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்னும் பழமொழிக்கு ஓர் உதாரணமாக மாத்திரம் கொண்டு நிறுத்திவிட்டால் பாதி உண்மையே புலப்படும். மற்றப் பாதி யாது? அவர் இளவரசர், அவருக்கு உத்தியோகம் இருந்தது, பரீட்சையில் தவறினாலும் அவர் வீட்டு அடுப்பில் பூனை உறங்காது. மூன்றுமுறை கடல் கடந்து போக அவரால் இயன்றது. போய்வந்தபின் திரும்பி நிற்க ஓர் இடமும் இருந்தது. மனவுறுதி அவருடையது. அம்மனவுறுதிக்கு நிழல் கொடுத்த கூரையோ பிறரால் அமைந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே சரித்திரம் படிப்பதன் பயன்.

அதே இன்னர் டெம்பிளில், துங்குவுக்கு ஏறக்குறைய நாற்பதாண்டு முன்னர், 1888-இல் சேர்ந்தவர் காந்தியார். பாரிஸ்டர் பரீட்சையில் அவர் தவறியவரல்லர். ஆனால் அப்படிப்போடு லண்டன் மெட்ரிகுலேஷன் பரீட்சையையும் எழுதித் தேறவேண்டுமென விரும்பி, முதல்முறை லத்தீன் பாடத்தில் தவறினார். 1890-இல் மறுபடி எழுதித் தேறினார். இரண்டு பரீட்சைகளுக்கும் இடையே அவர் செய்தவை கவனிக்கத்தக்கவை. தவறிய லத்தீனை மீண்டும் ஊன்றிப் படித்தார். முன்னர் எடுத்திருந்த இரசாயனம் செய்முறை வசதியின்றிக் கடினமாயிருந்ததால், அதை விடுத்து வெப்பமும் ஒளியும் பற்றிய பாடத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு அறைகளில் வாழ்ந்தவர் ஓர் அறைக்கு மாறி, காலை உணவைத் தாமே சமைத்துச் செலவையும் நேரத்தையும் சுருக்கினார். எங்கே தவறினோம் என்று கண்டு, அந்த இடத்தைச் செப்பனிட்டு, அதற்கேற்ப வாழ்க்கையையும் திருத்தி அமைத்துக்கொண்டார். வருந்திப் படித்த அந்த லத்தீன், பின்னர் ரோமானியச் சட்டத்தை மூலத்திலேயே வாசிக்க அவருக்கு உதவிற்று. தவறிய பாடமே தொழிலுக்குத் துணையாக வந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

அக்காலத்துப் பாரிஸ்டர் பரீட்சையின் அமைப்பையும் இங்கே சொல்லவேண்டும். அது ஆண்டுக்கு நான்குமுறை நடைபெற்றது. பாடங்களைப் பகுதி பகுதியாக எழுதவும் இடமிருந்தது. ஒருமுறை தவறியவன் மூன்று மாதத்தில் மறுபடியும் மேசைமுன் உட்காரலாம். படித்தது மறவாமுன், கைப்பணம் கரையாமுன், வீட்டார் சலிப்படையாமுன் இரண்டாம் வாய்ப்பு வந்துவிடும். ஆகவே தவறுதலின் பாரம் தவறியவனை மாத்திரம் பொறுத்ததன்று. பரீட்சையை வகுத்தவர்கள் அடுத்த வாய்ப்பை எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

இதுவரை கூறிய இருவரும் ஆண்மக்கள். ஆண்மகன் தவறினால் 'படிக்கவில்லை' என்பர். பெண் தவறினால் 'பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு?' என்பர். அந்தக் கூடுதற் சுமையையும் தாங்கி மறுமுறை எழுதிய ஒருவரைக் காண வங்காளத்துக்குச் செல்வோம். காதம்பினி கங்கூலி என்னும் அம்மையார் கல்கத்தா சர்வகலாசாலையின் முதற் பெண் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பயின்றார். பெண்ணை அங்கே சேர்ப்பதற்கே எதிர்ப்பிருந்தது. இறுதிப் பரீட்சையில் ஒரு பகுதியில் அவர் தேறவில்லை என்று முடிவாயிற்று. ஆதலால் எம்.பி. பட்டம் கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாகக் கல்லூரி 1886-இல் ஒரு சான்றுப் பத்திரத்தை வழங்கி, வைத்தியம் பார்க்க அனுமதித்தது.

அம்மையார் தொழில் நடத்தினார். ஆனால் முழுப் பட்டம் இல்லாதவர் என்னும் பேச்சு அவரை விட்டு நீங்கவில்லை. 1891-இல் ஒரு வங்காளிப் பத்திரிகை அவரது ஒழுக்கத்தையே பழித்து எழுதத் துணிந்தது. வழக்குத் தொடுக்கப்பட்டு, அப்பத்திரிகாசிரியர் தண்டனையும் பெற்றார். வழக்கில் வென்றது போதுமென்று அம்மையார் இருந்துவிடவில்லை. 1893-இல், பல குழந்தைகளுக்குத் தாயாகியிருந்த நிலையில், ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறினார். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் உள்ள மூன்று மருத்துவக் கழகங்கள் சேர்ந்து வழங்கிய தொழிலுரிமையை அங்கே பரீட்சை எழுதிப் பெற்றுத் திரும்பினார். 1923-இல் மறையும் வரையில் வைத்தியத் தொழிலை விடவேயில்லை.

இச்சரித்திரத்திலும் மறைவாக நிற்கும் ஒரு பாதி உண்டு. அவர் கணவர் துவாரகநாத் கங்கூலி பெண் கல்விக்காகப் பாடுபட்ட சீர்திருத்தவாதி. மனைவி தவறியபோது 'இனி வீட்டைப் பார்' என்று சொல்லாதவர். தாய் கடல்கடந்து சென்ற காலத்தில் குழந்தைகளுக்குச் சோறூட்டிய கைகளும் அவ்வீட்டில் இருந்தன. அக்கைகள் இல்லாவிடில் அந்த மூன்று கழகங்களின் பத்திரமும் இல்லை.

இனி, இவற்றுக்கு மறுதலையான ஒரு சரித்திரத்தையும் பார்க்கவேண்டும். ஏனெனில் நம் இளைஞர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவது அதைத்தான். 'கணித மேதை இராமாநுஜன் எப்.ஏ.யில் தவறவில்லையா? அவருக்கு என்ன குறைந்து போயிற்று?' என்று அவர்கள் கேட்கிறார்கள். குறைந்தது என்ன என்று சொல்லுகிறோம். 1904-இல் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தவர் கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார். உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து எழுதினார், தவறினார். 1907-இல் தனியாக எழுதினார், மறுபடியும் தவறினார். உடலியல் போன்ற பாடங்களில் மனம் செலுத்த அவரால் இயலவில்லை. ஆகவே முறை மாறினும் முடிவு மாறவில்லை. பின்னர்ப் பல ஆண்டுகள் வறுமையில் வாடி, 1912-இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றியது.

இவ்வரலாறு நமக்குப் பெருமை தருவது. ஆயினும் தொழிலுரிமைப் பரீட்சையில் தவறியவனுக்கு இது வழிகாட்டியாகாது. கணிதம் கடிதத்தில் ஏறிக் கடல் கடக்கும். அதன் மெய்ம்மையைத் தாளிலேயே சோதித்துக் கொள்ளலாம். வழக்கறிஞன் தன் திறமையைக் கடிதத்தில் எழுதியனுப்பி நீதிமன்றத்தில் நிற்க முடியாது, வைத்தியன் தன் மேதையைக் காட்டி உரிமையின்றி அறுவை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சுற்றுவழி இல்லாத கோட்டைக்கு வாசல் ஒன்றே. எனவே பரீட்சையைத் தூற்றுவதில் பயனில்லை. தோட்டத்துத் தொழிலாளியின் விபத்து வழக்கை நடத்த வருபவன் சாட்சியச் சட்டம் அறிந்தவனா என்று யாரேனும் சோதித்துத்தான் ஆகவேண்டும். அந்தச் சோதனையால் காக்கப்படுகிறவன் அந்த ஏழைத் தொழிலாளியே.

மேற்கண்ட வரலாறுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, மறுமுறை எழுதித் தேறியவர்கள் தவறிய இடத்தைக் கண்டுகொண்டார்கள். பாடம் தெரியாமை ஒன்று. தெரிந்ததை மூன்று மணி நேரத்திற்குள் எழுதத் தெரியாமை வேறொன்று. இரண்டுக்கும் மருந்து ஒன்றன்று. இரண்டாவது, இடைக்காலத்தில் அவர்களுக்குச் சோற்றுக்கு வழி இருந்தது. மூன்றாவது, தவறியதற்காக அவர்களைக் கைவிடாத ஒரு மனிதக் கூட்டம் அவர்களைச் சுற்றி இருந்தது. இவற்றுள் முதலாவது ஒன்றே தவறியவரின் கையிலிருப்பது. மற்ற இரண்டும் குடும்பத்தின் கையிலும் சமூகத்தின் கையிலும் இருக்கின்றன. தவறுவது ஒருவர், மறுமுறை எழுதுவது பலர். இதுவே நாம் கண்ட உண்மை.

இவ்வுண்மையைக் கொண்டு நம் நாட்டுப் பரீட்சையைப் பார்ப்போம். முற்காலத்தில் இங்கிருந்து சட்டம் படிக்க விரும்பியவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்கே போகவேண்டியிருந்தது. 1972-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை ஏற்பட்டது. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டம் நிறைவேறியது. வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்றவர்களுக்காக, அச்சட்டத்தின்கீழ் அமைந்த தகுதி வாரியம் 1984 முதல் சி.எல்.பி. என்னும் பரீட்சையை நடத்தி வருகிறது. வீட்டிலிருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படித்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இந்த வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். பொதுத்தாள், சிவில் நடைமுறை, கிரிமினல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை என்று தாள்கள் ஐந்து. ஒரே தாளில் தவறியவர் அத்தாளை மாத்திரம் மறுபடி எழுத வழியுண்டு. அதற்கு மேல் தவறியவர் ஐந்தையும் எழுதக் காத்திருக்க வேண்டும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்புண்டு. காந்தியார் காலத்து மாணவனுக்கு மூன்று மாதத்தில் கிட்டிய வாய்ப்பு நம் பிள்ளைக்கு ஓராண்டு தள்ளி நிற்கிறது. அந்த ஓராண்டை எப்படிக் கடப்பது என்பதுதான் கேள்வி.

கடப்பதற்கு அவர் செய்யவேண்டியது சில உண்டு. முடிவு வந்த மாதத்திலேயே, ஆறாத மனத்தோடு, எல்லாப் புத்தகங்களையும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது வீண். முதலில் சில நாள் ஓய்வு. பிறகு பழைய வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கடிகாரம் பார்த்து, எழுதிப் பார்ப்பது. எழுதியதைத் தொழிலிலுள்ள ஒருவரிடம் காட்டுவது. உத்தியோகம் பார்த்துக்கொண்டே படிப்பவர் இரவை நம்புவதைவிட விடியலை நம்புவது நலம். காலைப் பெரட்டுக்கு முன் எழுந்து பழகிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. வேலை ஏற்கும்போதே, பரீட்சைக்கு முந்திய வாரங்களில் விடுப்பு வேண்டுமென்று பேசி வைப்பதும் அவசியம். அப்படிப் பேசி வைக்காத 'இப்போதைக்கு' உத்தியோகமே பலருடைய படிப்பை விழுங்கி விடுகிறது.

சமூகம் செய்யவேண்டியது அதனினும் பெரிது. 'பாஸா, பெயிலா?' என்று கேட்டு நகர்ந்துவிடுவது எளிது. 'அடுத்த பரீட்சை எப்போது? கட்டணம் எவ்வளவு? அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி?' என்று கேட்பவர் எத்தனை பேர்? இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கைவிரிக்க நமக்கு நியாயமில்லை. வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப்பணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. தோட்டத்தை விலைக்கு வாங்கிய சமூகத்துக்கு, ஊருக்கு ஒருவர் இருவரை ஓராண்டு தாங்கி, ஒரு பரீட்சைக் கட்டணத்தைக் கட்டி, வாரம் ஒருநாள் மாலையில் ஒரு மூத்த வழக்கறிஞரை அழைத்துப் பாடம் சொல்லச் செய்வது முடியாத காரியமா?

தோட்டத்துச் செக்ரோலில் கணக்கெழுதும் நாம் ஒன்று அறிவோம். ஒருநாள் வேலைக்கு வராதவன் பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் ஒரு குறி விழும். அந்நாட் சம்பளமும் போகும். ஆனால் அதற்காக அவன் பெயரை எவரும் ஏட்டிலிருந்து அடித்துவிடுவதில்லை. மறுநாட் கட்டம் அவனுக்காகக் காலியாகவே இருக்கும். பரீட்சையில் தவறிய பிள்ளையின் கணக்கையும் அவ்வாறே வைப்பதுதான் முறை. பெயரை அடிக்கும் அதிகாரத்தை ஊர்வாய்க்குக் கொடுத்தவர் யார்?

ஆகவே பெற்றோர்களுக்கும் சங்கங்களுக்கும் நாம் சொல்வது இதுவே: உங்கள் ஊரில் சென்ற ஆண்டு தவறியவர் யார் என்று விசாரியுங்கள். அவர் இப்போது எங்கே வேலை செய்கிறார், புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். அப்புத்தகங்கள் பரண்மேல் இருந்தால், ஏணியைப் பிடித்துக்கொள்ள ஓராள் போதாது; நாலுபேர் வேண்டும்.